கேபின் குரூசர்: அறைப்படகா, தங்குபடகா?

காரைக்குடி, வெள்ளி இரவு

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சொல் வேண்டும், திங்கள் காலை பத்து மணிக்குள். பழைய கேபின் குரூசர், அதாவது உள்ளே படுத்து உறங்க இடமுள்ள எஞ்சின் படகு, வாங்க நினைப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்மவர்கள் படிக்கப்போவது. நாற்பது பக்கத்தில் முப்பத்தைந்து முடிந்துவிட்டது. படகின் பெயர்தான் இன்னும் அமையவில்லை. இதுவரை ‘சொகுசுப் படகு’ என்றே எழுதி வந்தேன். நேற்று என் மகள் இரண்டு பக்கம் படித்துவிட்டு, “சொகுசுன்னு போட்டிருக்கீங்க, படத்துல குனிஞ்சுக்கிட்டுத்தானே உள்ள போறாங்க?” என்றாள். அவள் கேட்டது சரி.

கையேட்டின் முக்கியமான இயல் 26 அடிப் படகா, 32 அடிப் படகா என்பது. 26 அடிப் படகின் அகலம் பெரும்பாலும் எட்டரை அடிக்குள் நிற்கும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தனி அனுமதியில்லாமல் இழுத்துப்போக எல்லை 8 அடி 6 அங்குலம். அதை வைத்தே கட்டுகிறார்கள். டிரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒரே எஞ்சின். உள்ளே உட்காரலாம், படுக்கலாம். நிமிர்ந்து நிற்பது பல படகுகளில் முடியாது. 32 அடிக்கு அகலம் பத்து, பதினோரு அடி வரும். பெரும்பாலும் இரட்டை எஞ்சின், நிற்க உயரம், கதவு போட்ட கழிப்பறை, தனி அடுப்படி. ஆனால் அதைக் கண்டபடி சாலையில் இழுக்க முடியாது; ஆண்டு முழுவதும் தண்ணீரில் வாடகைக்குக் கட்டி வைக்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே பெயர் வேண்டும். ‘விசைப்படகு’ வேண்டாம், நம் கடற்கரையில் அது மீன்பிடி படகு. ‘படகு வீடு’ கேரளத்துக்குப் போய்விட்டது.

தேவகோட்டை, சனி காலை

அம்மா, வணக்கம். இதற்கு ஏன் இவ்வளவு தயக்கம்? அறைப்படகு. அறையை உடைய படகு. இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, வல்லினம் மிகும். அந்த ஒற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘அறைபடகு’ என்று எழுதினால் வினைத்தொகையாகி, அறைகிற படகு என்று பொருள் கெட்டுவிடும். முப்பத்து மூன்று ஆண்டு கரும்பலகையில் இந்த ஒற்றுக்காகவே மல்லுக்கு நின்றவன் சொல்கிறேன்.

தண்ணீரில் கட்டி வைக்கும் இடத்துக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘மெரினா’ என்றால் நம் பிள்ளைகளுக்குச் சென்னைக் கடற்கரைதான் கண்ணில் வரும். பட்டினப்பாலையைப் பாருங்கள். ‘நெல்லொடு வந்த வல்வாய்ப் பஃறி, பணைநிலைப் புரவியின் அணைமுதல் பிணிக்கும்’ என்கிறது. உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகளை, லாயத்தில் குதிரைகளைக் கட்டுவதுபோல வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். நகரத்தார் எந்தப் பட்டினத்திலிருந்து வந்தோம் என்று சொல்லிக்கொள்கிறார்களோ, அந்தக் காவிரிப்பூம்பட்டினத்துக் காட்சி. குதிரை கட்டும் இடத்துக்குப் பந்தி என்று பெயர் உண்டே. ஆகவே ‘கலப்பந்தி’. படகு வரிசையாக மூக்கை நீட்டி நிற்கும் படத்தையும் இந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

பள்ளத்தூர், சனி மதியம்

ஐயாவுக்கு வணக்கம். கலப்பந்தி அழகான சொல்தான். ஆனால் படிப்பவர் ‘பந்தி’ என்றதும் இலையைத்தான் தேடுவார். கலம் என்றால் உண்கலமும் ஆகும், பன்னிரண்டு மரக்கால் நெல்லும் ஆகும். ‘படகுத்துறை’ போதும் என்பது என் எண்ணம்.

பெயருக்கு வருகிறேன். தூத்துக்குடிப் பக்கம் பல நாள் கடலிலேயே இருந்து மீன் பிடிப்பதைத் ‘தங்குகடல்’ என்கிறார்கள். செய்தித்தாளில் வருகிறது, மீனவர் வாயில் வருகிறது. அந்தத் ‘தங்கு’வை எடுத்துத் தங்குபடகு என்றால் என்ன? இந்தப் படகை மற்ற சிறு படகுகளிலிருந்து பிரிப்பது ராத்திரி அதிலேயே படுத்து எழலாம் என்பதுதான். அறை இருப்பதே அதற்காக.

தங்கச்சி கவனிக்க வேண்டிய இன்னொன்று. ‘ஆறடிதான் வித்தியாசம்’ என்று எங்காவது எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே வடிவத்தைப் பெருக்கினால் நீளம் 23 விழுக்காடு கூடும்போது கொள்ளளவு 86 விழுக்காடு கூடும். கல்யாண அடுப்படியில் பார்த்திருப்பீர்கள், பார்வைக்குக் கொஞ்சம் பெரிய அண்டாதான், ஆனால் சோறு இரட்டிப்பாக வேகும். எடை, எரிபொருள், அடிப்பக்கம் பூசும் பெயின்ட் எல்லாம் நீளத்தைவிட வேகமாக ஏறும். அதனால் ‘அளவு’ என்ற சொல்லை நீளத்துக்கு மட்டும் வைக்காமல், மொத்தத்தையும் குறிக்கப் ‘பருமன்’ என்று எழுதுங்கள்.

கோட்டையூர், சனி மாலை

எல்லோருக்கும் வணக்கம். ‘கேபின்’ என்பதை ஏன் பெயர்க்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

எங்கள் அப்பச்சி நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறிப் பினாங்கு போனவர்கள். 1926-இல் கட்டிய கப்பல். முதல் பயணம் டெக்கில், அறையில்லாத பொதுத் தளத்தில். கடைசிப் பயணம் கேபினில். வீட்டில் அந்தக் கதை சொல்லும்போதெல்லாம் ‘டெக்குல போனேன், கேபின்ல வந்தேன்’ என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் அவர்கள் பிழைத்த பிழைப்பு முழுதும் இருந்தது. எழுதப்படிக்க அவ்வளவாகத் தெரியாத எங்கள் அப்பத்தாவுக்கும் கேபின் என்றால் என்னவென்று தெரியும். மங்குச் சாமான் கடல் கடந்து வந்து நம் வீட்டுச் சொல்லாகவில்லையா? கேபின் படகு என்று எழுதினால் பினாங்கில் இருப்பவருக்கும் புரியும், காரைக்குடியில் இருப்பவருக்கும் புரியும்.

தேவகோட்டை, சனி இரவு

கோட்டையூர் ஆச்சி சொன்னதைப் படித்துக் கண் கலங்கியது உண்மை. ஆனால் ஒரு தலைமுறைக்குத் தெரிந்த சொல் அடுத்த தலைமுறைக்கு வேர் இல்லாமல் போகிறது. அறை என்றால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

தங்குபடகுக்கு என் மறுப்பு இரண்டு. ஒன்று, தங்குவது யார்? வினைத்தொகையில் படகல்லவா தங்குகிறது? இரண்டு, ‘தங்குதடையின்றி’ என்கிறோமே, அந்தத் தங்கு நின்றுபோவதைச் சொல்லும். பழைய படகு வாங்குகிறவனிடம் தங்குபடகு என்றால், எஞ்சின் நின்ற படகோ என்று நினைப்பான்.

படகு என்ற சொல்லையே விட்டு நாவாய்க்குப் போகலாம் என்றும் தோன்றுகிறது. ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி’ என்ற புறநானூற்றுச் சொல். நாவுதல் என்றால் கொழித்தல். அலையைக் கொழித்துக்கொண்டு போவதால் நாவாய்.

கானாடுகாத்தான், சனி நள்ளிரவு

ஐயா, நான் உங்கள் மாணவரின் மாணவன், மொழியியல் படிக்கிறேன். பணிவோடு சொல்கிறேன். நாவாய்க்கு வடமொழியில் நௌ, கிரேக்கத்தில் நௌஸ், இலத்தீனில் நாவிஸ் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று உறவு என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. நாவுதலிலிருந்து வந்தது என்று உறுதி சொல்ல இன்னும் வலுவான சான்று வேண்டும். அதோடு நாவாய் பெருங்கடல் கலம். 26 அடிக்கு அது பெரிய சட்டை. கம்பன் குகனை ‘ஆயிரம் அம்பிக்கு நாயகன்’ என்றான். அம்பி என்றால் ஓடம். ஆற்றிலும் துறையிலும் ஓடும் அளவுக்கு அம்பிதான் ஏற்றது.

வினைத்தொகைக்கு விடை நன்னூலிலேயே இருக்கிறது. பெயரெச்சம் ‘செய்வது ஆதி அறுபொருட் பெயரும்’ கொள்ளும். செய்பவன் மட்டுமல்ல, நிலமும் அந்த ஆறில் ஒன்று. வினைத்தொகை காலம் கரந்த பெயரெச்சம்தானே? ஆடுகளத்தில் களமா ஆடுகிறது? உண்கலத்தில் கலமா உண்கிறது?

என் சொந்த விருப்பம் ‘உலாக்கலம்’. குரூசரில் இருப்பது அந்த உலாத்தலே. இன்னொரு கோரிக்கையும் உண்டு: படகின் பின்பக்கம் திறந்தவெளியில் உட்காரும் இடத்தை எங்கள் ஊர் வழக்கில் ‘திண்ணை’ என்று போடச் சொல்லுங்கள். வெளியாளும் வீட்டாளும் கலந்து உட்காரும் இடம் அதுதான்.

கோட்டையூர், ஞாயிறு காலை

தம்பி, திண்ணை வாசலில் இருக்கும், வீட்டுக்குப் பின்னால் இருக்காது. ஆனாலும் படகுக்கு ஏறுவது பின்பக்கமாகத்தான் என்று படத்தில் பார்த்தேன். அப்படியானால் அதுதான் அதற்கு வாசல். திண்ணை இருக்கட்டும். சமையல் செய்யும் இடத்துக்கு அடுப்படி, இதில் யாரும் கை வைக்க வேண்டாம். உலாக்கலம் வேண்டாம், சுற்றுலாப் படகு என்று ஏரியில் அரை மணி நேரம் ஓட்டுவதோடு குழம்பும்.

பள்ளத்தூர், ஞாயிறு மதியம்

நேற்று ஐயா எழுதியதைப் படித்த பிறகு, தங்கச்சி அனுப்பியிருந்த இரண்டு படகுகளின் படங்களையும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். 32 அடியில் இருப்பது அறைதான். கதவு, சன்னல், மேலே நிற்க உயரம். 26 அடியில் இருப்பதை என்னால் அறை என்று சொல்ல முடியவில்லை. படகின் முன்முனையான அணியத்துக்குள் குனிந்து நுழைகிறார்கள். படுக்கை முன்பக்கம் கூம்பி ‘ப’வும் இல்லாமல் ‘ட’வும் இல்லாமல் ஆப்பு வடிவில் இருக்கிறது, தலையை அகலப்பக்கம் வைத்தால் இரண்டு பேர் காலும் நுனியில் இடிக்கும். ஆனால் அதிலும் ராத்திரி தங்கலாம். இரண்டு படகுக்கும் பொது அந்தத் தங்கல் ஒன்றே. அறைப்படகு என்று பெயர் வைத்தால் சின்னதை வாங்குகிறவர் அறையை எதிர்பார்த்துக் காசு கொடுப்பார். கையேட்டின் வேலையே அந்த ஏமாற்றத்தைத் தடுப்பதுதான்.

நீளத்துக்கும் இரண்டு சொல் வேண்டும். விற்பவர் 32 அடி என்று சொல்லும்போது சில சமயம் முன்னால் நீட்டியிருக்கும் பலகையையும் பின்னால் குளிக்க இறங்கும் மேடையையும் சேர்த்துச் சொல்வார். படகின் உடல் முப்பதுக்குள் இருக்கலாம். ஆனால் துறைவாடகையைப் பல இடங்களில் நுனிக்கு நுனி அளந்தே வாங்குவார்கள். ஆகவே ‘உடல்நீளம்’, ‘முழுநீளம்’. தண்ணீருக்குள் இறங்கும் அளவுக்கு ‘அமிழாழம்’.

நான் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் அரிமானம் பார்த்தவன். அந்த இயலையும் படித்துவிட்டேன். ‘துருப்பிடித்தல்’ என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறீர்கள். துரு இரும்புக்கு மட்டும். அலுமினியம், வெண்கலம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அரிமானம். உப்புத் தண்ணீரில் துத்தநாகக் கட்டி, நல்ல தண்ணீரில் மக்னீசியக் கட்டி பொருத்துவார்கள். உலோகத்துக்குப் பதில் அது கரையும். அதைக் ‘காவற்கட்டி’ என்று எழுதலாம். பழைய படகில் அந்தக் கட்டி பாதிக்கு மேல் கரைந்தும் மாற்றாமல் இருந்தால், உடையவர் படகை எப்படி வைத்திருந்தார் என்பது அங்கேயே தெரியும்.

இன்னொரு இடம். ஃபைபர் உடலைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்கும் பகுதியை ‘ஒலிச் சோதனை’ என்று போட்டிருக்கிறீர்கள். சந்தையில் மண்சட்டி வாங்கும்போது விரல் முட்டியால் தட்டுகிறோமே, கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் கீறல். ஃபைபரிலும் படலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்த இடம் அப்படித்தான் செத்த ஒலி தரும். ‘தட்டிப் பார்த்தல்’ என்றே எழுதுங்கள். படிக்கிறவர் கை தானாகச் செய்யும்.

காரைக்குடி, ஞாயிறு இரவு

அனைவருக்கும் நன்றி. பள்ளத்தூர் அண்ணன் சொன்னதைப் படித்ததும் என் மகள் குனிவதைக் கேட்டது நினைவுக்கு வந்தது. அவள் முதல் நாளே சொன்னதைத்தான் நாம் மூன்று நாளாகச் சுற்றி வந்திருக்கிறோம்.

தங்குபடகு என்று முடிவு செய்திருக்கிறேன். மூன்று பேர் சரி என்றார்கள். கானாடுகாத்தான் தம்பி களைத்துப்போய்ச் சரி என்றார். முதல் பக்கத்தில் ஒரே ஒரு முறை ‘கேபின் படகு என்றும் சொல்வர்’ என்று சேர்த்திருக்கிறேன், ஆச்சியின் அப்பச்சிக்காக. திண்ணை, அடுப்படி, அரிமானம், காவற்கட்டி, முழுநீளம், உடல்நீளம், அமிழாழம் எல்லாம் உள்ளே போய்விட்டன. கலப்பந்தியைத்தான் சேர்க்க மனம் வரவில்லை, ஐயா. படகுத்துறை என்று விட்டேன். மன்னிக்க வேண்டும்.

தேவகோட்டை, திங்கள் அதிகாலை

அம்மா, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் உடன்பட்டவர் பட்டியலில் என்னைச் சேர்க்க வேண்டாம். நன்னூலைக் காட்டிய தம்பியின் விடை முறையானது. வினைத்தொகை மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். தங்குதடை மறுப்பு நிற்கிறது. 32 அடிக்கு நான் எழுதும்போது அறைப்படகு என்றே எழுதுவேன், ஒற்றோடு.

பள்ளத்தூர், திங்கள் காலை

தங்கச்சி, ஒன்று விட்டுப்போயிற்று. படகின் அடிவயிற்றில் கசிவுநீர் தேங்கும் பள்ளத்துக்கு ‘பில்ஜ்’ என்றே விட்டிருக்கிறீர்கள். பெட்ரோல் எஞ்சினைக் கிளப்புமுன் அங்கே சேர்ந்த ஆவியை விசிறி போட்டு நான்கு நிமிடமாவது வெளியேற்ற வேண்டும் என்று வருகிற இடம். உயிர் சம்பந்தப்பட்டது, சொல் தெளிவாக இருக்க வேண்டும். ‘அடிப்பள்ளம்’ என்று இப்போதைக்குப் போட்டு அனுப்புங்கள். புதன்கிழமை தொண்டிக்குப் போகிறேன். அங்கே மரப்படகு கட்டும் ஓடாவிகள் அடிமரமான ஏராவுக்கு மேலே நீர் நிற்கும் அந்த இடத்தை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு வந்து எழுதுகிறேன்.