கடை லைசன்ஸ் மாத்த மாமனாரும் வாரிசா?

கேள்வி: வீட்டுக்காரர் தவறி ரெண்டு மாசம் ஆச்சு, பேக்கரியோட ஃபுட் லைசன்ஸ் அவர் பேர்ல இருக்கு, உயில் இல்ல, ரெண்டு பசங்க. மாமனார், மாமியார், கொழுந்தனார் எல்லாருமே வாரிசுங்கறாங்க, நிஜமா?

பதில் 1: கஷ்டமா இருக்குக்கா. இந்துன்னா 1956 வாரிசுரிமைச் சட்டம்தான், அதுல மனைவி, பிள்ளைங்க, இறந்தவரோட அம்மா முதல் வகுப்பு வாரிசு, அதாவது முதல்ல பங்கு வர்றவங்க. மாமியார் வர்றது உங்களுக்கு மாமியாருங்கறதால இல்ல, அவருக்கு அம்மாங்கறதால. அப்பா, தம்பி எல்லாம் ரெண்டாம் வகுப்பு, நீங்க இருக்கறப்போ பங்கு வராது.

பதில் 2: லைசன்ஸ் இறந்த நாள்லேர்ந்து 90 நாள் வரைக்கும் செல்லும், அதுக்குள்ள பேர் மாத்த அப்ளை பண்ணிடுங்க. இ-சேவைல வாரிசு சான்றிதழும் இப்பவே போட்டுருங்க, தாசில்தார் ஆபீஸ்ல லேட்டாகும். மாமியார்கிட்ட பக்குவமா பேசி சம்மதக் கடிதம் வாங்கிக்கங்க.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றிங்க, நாளைக்கே போறேன்.