தாத்தாவின் கேசட்டுகள்: எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு நாள்

பெரியப்பா (காலை 6:48): எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. எனக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. ஒரு லிங்க் கொடுத்து "உங்கள் ஃபைல்களை இங்கே ஏற்றலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரும் போட்டிருக்கிறது. நான் தொடவில்லை.

சித்தப்பா: அண்ணா தொடாதீர்கள்!!

சித்தப்பா: லிங்கைத் தொட்டதும் வங்கிக் கணக்கு காலி என்று நேற்றுதான் ஒரு செய்தி வந்தது. இருங்கள், இங்கே போடுகிறேன்

அம்மா: ஐயோ

நான்: பெரியப்பா, அது நல்ல மெயில்தான். தாத்தாவின் கேசட்டுகளுக்காக வந்தது. போன மாதம் சொன்னேனே, எங்கள் மொழியியல் துறைக்கு அந்தப் பதிவுகள் வேண்டும் என்று. அங்கே இருக்கும் ஆய்வாளர்தான் அழைப்பு அனுப்பியிருக்கிறார். வீட்டில் மூத்தவர் நீங்கள் என்பதால் உங்கள் மெயிலைக் கொடுத்தேன். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

பெரியப்பா: நீ சொன்னால் சரி. ஆனால் அது அவர்தான் என்று எப்படித் தெரியும்?

நான்: சரியான கேள்வி. லிங்கைத் தொடாமல் முகவரியை மட்டும் படியுங்கள். தொடக்கத்தில் இருக்கும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோடு வரைக்கும் உள்ள பெயரின் கடைசிப் பகுதி பல்கலைக்கழகத்தின் சொந்த முகவரியாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் நடுவில் எங்கோ இருந்து, முடிவில் வேறு ஏதாவது இருந்தால் அது மோசடி. பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், மோசடிக்காரர்களும் அதை வைத்திருப்பார்கள். இன்னொன்று, விருந்தினராக ஃபைல் ஏற்ற யாரும் உங்கள் மெயில் பாஸ்வேர்டைக் கேட்க மாட்டார்கள். கேட்டால் உடனே மூடிவிடுங்கள். அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் துறைக்குப் போன் செய்யுங்கள். மெயிலில் இருக்கும் எண் வேண்டாம், அவர்கள் இணையதளத்தில் இருக்கும் எண்ணை எடுங்கள்.

அண்ணன்: 👍

சின்ன அத்தை: எந்தக் கேசட்டுகள்? பரணில் இருந்த பெட்டியா?

அம்மா: ஆமாம் அதுதான்

சின்ன அத்தை: என்னிடம் யாரும் கேட்கவே இல்லையே. இத்தனை வருடம் அந்தப் பெட்டியைக் கரையான் படாமல் காத்தவள் நான்.

குட்டி: அம்மா, உங்களிடம் கேட்டுத்தானே டிஜிட்டல் ஆக்கினேன்

சின்ன அத்தை: ஆக்கக் கேட்டாய். அனுப்பக் கேட்கவில்லை.

சித்தப்பா: வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாமே. எதற்கு இவ்வளவு?

நான்: அத்தை, உங்களைக் கேட்காமல் எதுவும் போகாது, இன்னும் ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. சித்தப்பா, கணக்கைப் பாருங்கள். மொத்தம் 42 கேசட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். துறை கேட்டபடி குட்டி 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் எடுத்திருக்கிறான். தாத்தாவின் ரெக்கார்டர் மோனோ, அதாவது ஒரே ஒலித்தடம்தான். அப்படியும் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபிக்கு மேல் வருகிறது. மொத்தம் ஏறக்குறைய 43 ஜிபி. ஜிமெயிலில் 25 எம்பிதான் இணைக்கலாம். அதிலும் இணைப்பை எழுத்துகளாக மாற்றி அனுப்புவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வாட்ஸ்அப்பில் 2022-இலிருந்து ஆவணமாக 2 ஜிபி வரை போகும், தரமும் குறையாது. ஆனால் 42 ஃபைல்களை ஒரு ஆய்வாளரின் சொந்தப் போனில் கொட்ட முடியாது. பல்கலைக்கழகச் சேவை இதற்காகவே இருக்கிறது. பிரவுசரிலேயே ஏற்றலாம், ஃபைலைச் சின்னத் துண்டுகளாக அனுப்பும், பாதியில் நெட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அவர் இறக்கியதும் நமக்கு மெயில் வரும்.

சித்தப்பா: சரி சரி

அம்மா: பாப்பா சாப்பிட்டாயா

நான்: பிறகு அம்மா

அண்ணன் (காலை 8:15): அப்பாவின் மெயிலைப் பார்த்தேன். முகவரி சரியாக இருக்கிறது. குட்டி, லிங்க் இதோ

அண்ணன்: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

நான்: அண்ணா, உடனே நீக்கியது நல்லது. ஆனாலும் இந்தக் குழுவில் 27 பேர் இருக்கிறோம், அதற்குள் யார் பார்த்தார்கள் என்று தெரியாது. அந்த லிங்க் வீட்டுச் சாவி மாதிரி. அது கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் பெரியப்பாவின் அழைப்பில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். துறையில் சொல்லி இந்த அழைப்பை ரத்து செய்துவிட்டுப் புதியது கேட்கிறேன்.

அண்ணன்: நம் வீட்டு ஆட்கள்தானே

நான்: நம் ஆட்கள்தான் அண்ணா. போன் தொலைந்தால்? பிள்ளைகள் கையில் இருந்தால்?

பெரியப்பா: ரத்து செய். அதுதான் சரி.

சித்தப்பா: போன தடவை வீட்டுப் பத்திரத்தையும் இங்கேதான் போட்டான் 😀

அண்ணன்: சித்தப்பா அது நான் இல்லை

பெரியப்பா: பத்திரப் பேச்சு இப்போது வேண்டாம்.

சின்ன அத்தை: ஆமாம், அது வேண்டாம். கேசட்டைப் பேசுவோம். 31-ஆம் கேசட்டும் போகிறதா?

குட்டி: ...

அம்மா: அதில் என்ன

சின்ன அத்தை: உனக்குத் தெரியும் அண்ணி.

மாமா: போகட்டும். அவர் கோபத்தில் பேசினார், நானும் பேசினேன். முடிந்த கதை.

சின்ன அத்தை: உங்களுக்கு முடிந்தது.

நான்: அத்தை, 31-ஐ விட்டுவிடலாம். துறைக்கு வேண்டியது பெரியவர்களின் பேச்சும் பழைய சொற்களும்தான். நம் வீட்டுச் சண்டை அவர்களுக்கு எதற்கு? மற்ற கேசட்டுகளில் பேசியிருப்பவர்களும் தாத்தாவை நம்பித்தான் பேசினார்கள், அவர்கள் குரல் ஊரெல்லாம் திரியக் கூடாது. அதனால்தான் நான் பாதுகாப்பு பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஏற்றும்போது மறையாக்கம் என்று ஒரு பெட்டி இருக்கும். குட்டி, அதைக் கட்டாயம் டிக் செய். ஃபைல் உன் பிரவுசரிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே கிளம்பும். பாஸ்வேர்டு சர்வருக்குப் போகாது, அதனால் அந்தச் சர்வரை நடத்துபவர்களாலும் திறந்து கேட்க முடியாது.

குட்டி: பாஸ்வேர்டு என்ன வைப்பது

சித்தப்பா: அப்பா பிறந்த தேதி

நான்: வேண்டாம் சித்தப்பா, அது நம் எல்லோருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். குட்டி, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து நீளமாக வை. இங்கே போடாதே, மெயிலிலும் எழுதாதே. லிங்க் மெயிலில் போகிறது, அதனால் பாஸ்வேர்டு போனில் போகட்டும். ஆய்வாளரைப் போனில் கூப்பிட்டு வாயால் சொல். இரண்டும் ஒரே வழியில் போனால் பூட்டிய பெட்டியோடு சாவியையும் கட்டிக் கொடுத்த மாதிரி. நோட்டில் எழுதி வை. மறந்துவிட்டால் பல்கலைக்கழகத்தாலும் மீட்டுத் தர முடியாது.

குட்டி: சரி அக்கா. எவ்வளவு நேரம் ஆகும்

நான்: உன் அப்லோடு வேகம் என்ன?

குட்டி: விநாடிக்கு 20 மெகாபிட்

நான்: அப்படியானால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக. இரவில் போடு, லேப்டாப் தூங்கிவிடாதபடி அமைத்துவிடு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஷா-256 எடுத்து வை. 64 எழுத்தில் ஒரு கைரேகை மாதிரி வரும். அவர் இறக்கிய பிறகு அவரும் எடுத்து ஒப்பிடுவார். ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும்.

பெரியப்பா (மாலை 4:30): துறைக்குப் போன் செய்தேன். அவர்கள்தான் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை மரியாதையாகப் பேசியது. அப்பாவின் பதிவுகள் மாதிரி அவர்களிடம் இல்லையாம்.

அம்மா: 🙏

சின்ன அத்தை: அப்படியா சொன்னார்கள்?

பெரியப்பா: அப்படியேதான். பெட்டியைக் காத்தது என் தங்கை என்று நான் சொன்னேன்.

சின்ன அத்தை: சரி அண்ணா

சித்தப்பா: அப்படியானால் இனி அங்கேயே பத்திரமாக இருக்கும். இந்தப் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம்

நான்: ஐயோ வேண்டாம் சித்தப்பா! இது அனுப்புவதற்கு மட்டும்தான், சேமிப்பதற்கு இல்லை. இந்தச் சேவையில் 14 நாளில் ஃபைல்கள் தானாகவே அழிந்துவிடும். துறை ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும், ஆனால் நமக்கு நம்முடையது வேண்டும். குட்டி லேப்டாப்பில் ஒன்று, வேறு வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. கேசட்டுகளையும் எறியக் கூடாது. நாளைக்கு ஏதாவது ஒரு பதிவில் சந்தேகம் வந்தால் மூலம் அதுதான்.

அண்ணன்: ஹார்ட் டிஸ்க் எங்கள் வீட்டில் இருக்கட்டும்

சின்ன அத்தை: ஏன், எங்கள் வீட்டில் இருந்தால் என்ன

குட்டி: அம்மா, லேப்டாப் நம் வீட்டில்தான் இருக்கிறது

சின்ன அத்தை: அது உன்னுடையது.

பெரியப்பா: நேரில் பேசிக்கொள்வோம்.

மாமா: 31-ஐ எனக்கு ஒரு தடவை கேட்க வேண்டும். அனுப்புவதற்கு இல்லை.

சின்ன அத்தை: எதற்கு

மாமா: அவர் குரலுக்கு.

அம்மா: கேட்கட்டும் விடு

சின்ன அத்தை (இரவு 9:05): குட்டி, 7-ஆம் கேசட்டில் அப்பா என்னைக் கூப்பிடுவார், பின்னால் நான் பதில் சொல்வேன். அது இருக்கிறதா?

குட்டி: இருக்கிறது அம்மா. 22-ஆவது நிமிடம். சின்னப் பிள்ளைக் குரல்

சின்ன அத்தை: அந்த இடத்தை மட்டும் இங்கே போடு. அது எல்லோரும் கேட்கலாம்.

குட்டி: 🎤 0:14

சித்தப்பா: அப்பா

அம்மா: இன்னொரு தடவை கேட்டேன்

பெரியப்பா: பாப்பா, புது அழைப்பு இன்னும் வரவில்லை. ஸ்பாமிலும் பார்த்துவிட்டேன்.

நான்: நாளைக் காலையில் கேட்கிறேன் பெரியப்பா. வந்ததும் குட்டிக்கு மட்டும் அனுப்புங்கள், இங்கே வேண்டாம்.