ஏற்காட்டில் பூசணம் பிடித்த ‘பேக் டு த ஃப்யூச்சர்’ கேசட்: டெக்கில் போடலாமா?

மலைவீட்டான்:
வணக்கம். ஒரு பழைய வீடியோ கேசட்டைப் பற்றி உதவி வேண்டும்.

1988ல் எங்கள் சிங்கப்பூர் மாமா ‘பேக் டு த ஃப்யூச்சர்’ என்ற காலப்பயணப் படத்தின் ஒரிஜினல் கேசட் கொண்டுவந்தார். அப்போது எனக்குப் பத்து வயது. ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் எங்கள் வீட்டில் நானும் அண்ணனும் அதை எத்தனை முறை பார்த்திருப்போம் என்று கணக்கே இல்லை. இங்கிலீஷ் பாதிக்கு மேல் புரியாது. ஆனால் 1955க்குப் போன மார்ட்டி, இளம்பெண்ணாக இருக்கும் தன் அம்மாவே தன்மேல் ஆசைப்படுவதைக் கண்டு திணறுவது புரிய மொழி எதற்கு? 10.04க்கு மணிக்கூண்டில் மின்னல் இறங்கும் நேரம் வந்தால் அண்ணன் எழுந்து நின்றுவிடுவான்.

போன வாரம் சேலத்தில் என் மகளுக்கு ஓடிடியில் போட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் இரண்டு இடம் உறுத்தியது. கடைசியில் கார் பறந்து போனதும் ‘தொடரும்’ என்று ஆங்கிலத்தில் எழுத்து வரும், அது இல்லை. நடன மேடையில் மார்ட்டி கிதார் வாசித்துப் பாடுவதும் கொஞ்சம் மெதுவாக, குரல் கனத்துக் கேட்டது. அண்ணனுக்குப் போன் செய்தேன். “தொடரும் நிச்சயமா வரும்டா” என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறிப் பரணிலிருந்து கேசட்டை எடுத்தேன். நாடாச் சுற்றின் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூசணம். நண்பரிடம் ஓடும் நிலையில் ஒரு டெக் (கேசட்டைப் போட்டுப் பார்க்கும் விசிஆர்) இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா? சேலம் வெயிலில் ஒருநாள் காயவைத்தால் சரியாகிவிடுமா?

செவ்வாய்ப்பேட்டை டெக்:
தம்பி, தயவுசெய்து போடாதீங்க. இருபது வருடம் டெக் ரிப்பேர் பார்த்தவன் சொல்கிறேன். உள்ளே ஹெட் டிரம், அதாவது நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட் பொருத்திய உருளை, நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். பூசணத் தூள் அதில் அப்பினால் படம் போய்விடும். ஈரம் இருந்தால் நாடா டிரம்மில் ஒட்டி அறுந்துவிடும். அப்புறம் அதே டெக்கில் போடும் மற்ற கேசட்டுக்கும் தொற்றும். ஒருமுறை அவசரப்பட்டு ஒரு கல்யாண கேசட்டைப் போட்டேன். தாலி கட்டும் இடத்தில் அறுந்தது. அந்த அம்மா அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

வெயிலும் வேண்டாம், சூட்டில் நாடா நெளிந்துவிடும். ஏற்காட்டுப் பனியில் ஊறியதைக் கீழே கொண்டுவந்து, காற்றுப் புகாத டப்பாவில் நிறைய சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு நிழலில் மூன்று வாரம் வையுங்கள். பூசணம் காய்ந்து தூளாகும். பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து, பின்பக்கத்து ஐந்து ஸ்குரூவைக் கழற்றுங்கள். நாடாச் சுற்றின் விளிம்பை நூல் பிரியாத துணியால் மெதுவாகத் துடையுங்கள். பழைய கூட்டை மறுபடி உபயோகிக்காதீர்கள். வேண்டாத கேசட் ஒன்றின் சுத்தமான கூட்டுக்குள் இரண்டு சக்கரத்தையும் மாற்றிவிடுங்கள்.

முதல் தடவை ஓடும்போதே, டெக்கின் படத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் கேப்சர் கருவி வழியாகக் கம்ப்யூட்டரில் பதிந்துவிட வேண்டும். இரண்டாவது தடவை ஓடும் என்று நம்பாதீர்கள். முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல்துணியை (ஷாமி லெதர்) டிரம் பக்கவாட்டில் வைத்துப் பிடித்து, டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும்.

அம்மாபேட்டை சினிமாக்காரி:
அண்ணா, உங்கள் இரண்டு பேருக்கும் நினைவு சரியாகவே இருக்கிறது. 1985ல் தியேட்டரில் வந்த படத்தில் அந்த எழுத்து கிடையாது. அடுத்த பாகம் எடுக்கும் எண்ணமே அப்போது இல்லை, பறக்கும் கார் ஒரு வேடிக்கையான முடிவுதான் என்று இயக்குநர் ராபர்ட் ஜெமக்கிஸும் கதையை உடன் எழுதிய பாப் கேலும் சொல்லியிருக்கிறார்கள். 1986ல் வீடியோ கேசட் வந்தபோதுதான் ‘தொடரும்’ சேர்த்தார்கள். 2002ல் டிவிடி வந்தபோது எடுத்துவிட்டார்கள். அதனால் கேசட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் அந்த எழுத்து சொந்தம்.

பாட்டும் அப்படித்தான். சினிமா நொடிக்கு 24 பிரேம். நம் ஊரிலும் சிங்கப்பூரிலும் இருந்த பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை டிவிக்கு 25. அதனால் கேசட்டில் படத்தையே நான்கு சதவீதம் வேகமாக ஓட்டிப் பதிந்தார்கள். 116 நிமிடப் படம் 111 நிமிடத்தில் முடியும், குரலும் கிதாரும் சற்று மேலே ஏறும். ஓடிடியில் கேட்டதுதான் படத்தின் அசல் வேகம். உங்கள் காது பழகியது கேசட் வேகத்துக்கு.

மலைவீட்டான்:
இருபத்து நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். டெக் அண்ணன் சொன்னபடியே செய்தேன், நாடா அறுந்துபோகவில்லை. நேற்று ராத்திரி பதிந்தோம். அண்ணன் வீடியோ காலில் இருந்தான். 10.04 வந்ததும் அங்கே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கடைசியில் எழுத்தும் வந்தது. இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். முதல் இரண்டு நிமிடம் படத்தின் அடியில் வெள்ளைக் கோடு ஓடுகிறது. அந்த இடத்தை மட்டும் மறுபடி பதியலாமா?

செவ்வாய்ப்பேட்டை டெக்:
பதியலாம் தம்பி. டெக்கில் இருக்கிற டிராக்கிங் பட்டனை (ஹெட் நாடாவைச் சரியான இடத்தில் படிக்க வைப்பது) கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பாருங்க, கோடு கீழே இறங்கிப் போயிடும். அதுக்கு முன்னாடி ஹெட்டை ஒருமுறை துடைச்சிடுங்க.