புதுப்பிப்பு: மவுத் ஓர்கனுக்கு கிட்டார் பெடல், சரிவந்திட்டு

மவுத் ஓர்கன் வாசிக்கிற எஸ்எம்58 மைக்க (பாடுறவங்க பாவிக்கிற மைக்) கிட்டார் பெடலுக்குள்ள (சத்தத்த மாத்திற சின்னப் பெட்டி) குடுத்தா சத்தம் சன்னமா வருது, கூட்டினா ஸ்பீக்கர் கூவுது எண்டு முந்தி கேட்டிருந்தன், பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. சத்தத்துக்கு சரிவந்தது இம்பீடன்ஸ் (மின்தடை மாதிரி ஒரு அளவு, ஓம்ல சொல்றது) மாத்திற ட்ரான்ஸ்ஃபோமர் போடச் சொன்ன அண்ணன்ட யோசனைதான், மைக் 150 ஓம், பெடல் கிட்டார் மாதிரி ஹை இம்பீடன்ஸ எதிர்பாக்கிற சாமான், கேபிள் முனையில சின்னக் குழாய் மாதிரியான அந்த ட்ரான்ஸ்ஃபோமரக் கொழுவினதும் சத்தம் நல்லா ஏறிட்டு. ஆனா கூவல் அதால போகல்ல, ஓவர்டிரைவ் பெடல்ல (சத்தத்த கரகரப்பாக்கிறது) கெய்னக் (சத்தத்த பெருக்கிற அளவு) குறைச்சு ஈக்யூ பெடல்ல ட்ரெபிள (கீச்சுச் சத்தம்) வெட்டினாப் பிறகுதான் அடங்கினது, கல்லடியில ஒரு மண்டபத்துக்குள்ளயும் வாசிச்சுப் பாத்தன், பிரச்சினை இல்ல. பெடல் வரிசையில டிலே (எதிரொலி குடுக்கிறது) கடைசில.

எதிர்பாராதது ஒக்டேவ் பெடல் (அதே சுரத்த ஒரு ஸ்தாயி கீழ சேத்துக் குடுக்கிறது)! தனிச் சுரத்துக்கு கீழ்ச்சத்தம் அருமையா வருது, ரெண்டு ஓட்டைய சேத்து ஊதினா தடுமாறுது.

புல்லட் மைக் (மவுத் ஓர்கனோட சேத்து கையில பொத்திப் பிடிக்கிற மைக்) வச்சிருக்கிறவங்களுக்கு ட்ரான்ஸ்ஃபோமர் தேவைப்படாது, அதுகள் அநேகமா ஹை இம்பீடன்ஸ்தான்.