கிரீஷ் கர்னாடை மாணவர்களுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது?

கேள்வி – கோபிசெட்டிபாளையம் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கமுங்க. எங்கள் கல்லூரி நாடக மன்றத்தில், கன்னட நாடகாசிரியரும் நடிகருமான கிரீஷ் கர்னாட் பற்றிப் பேசவிருக்கிறேன். மாணவர்களுக்கு அவர் ‘காதலன்’ படத்தின் ஆளுநர் மட்டுமே. இத்தனை மொழிகளில் நடித்த ஒருவரின் மேடைப் பின்னணியை எங்கிருந்து தொடங்கிச் சொன்னால் அவர்கள் மனத்தில் நிற்கும்?

பதில் – தாளவாடி வாசகர்

ஐயா, கர்நாடகத்தின் சிர்சி ஊரிலிருந்து தொடங்குங்கள். 1938-இல் மாத்தேரானில் பிறந்த அவருக்கு வீட்டுமொழி கொங்கணி. ஆனால் சிறுவயதில் சிர்சியில் அவர் பார்த்த யட்சகானக் கூத்தும் கம்பெனி நாடகங்களும் கன்னடத்தில் இருந்தன. தார்வாடில் கணிதம் படித்து, ஆக்ஸ்போர்டு செல்லவிருந்த வேளையில், ஆங்கிலக் கவிஞராக வேண்டும் என்று எண்ணியிருந்த அந்த இளைஞர் எழுதியது ‘யயாதி’ என்ற கன்னட நாடகம். அது 1961-இல் வெளிவந்தது. வீட்டில் கன்னடமும் வெளியே தமிழும் பேசி வளரும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இது அந்நியமான செய்தியே அல்ல. இன்னொன்று: 1964-இல் அவர் எழுதிய ‘துக்ளக்’ வேறு, சோ மேடையேற்றிய ‘முகமது பின் துக்ளக்’ வேறு, நம்மூரில் பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

பதில் – ஈரோட்டு நண்பர்

சென்னையை விட்டுவிடாதீர்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் சென்னை அலுவலகத்தில் 1963 முதல் 1970 வரை பணியாற்றியபோது, ‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ என்ற ஆங்கில நாடகக் குழுவில் அவர் ஈடுபட்டிருந்தார். அந்த நட்பு வட்டத்திலிருந்துதான் 1970-இல் ‘சம்ஸ்காரா’ கன்னடப் படம் உருவானது. தெலுங்கரான பட்டாபிராம ரெட்டி இயக்க, திரைக்கதை எழுதிய கர்னாடே நாயகன் பிராணேசாசாரியராக நடித்தார். தணிக்கையில் முதலில் தடைபட்ட அந்தப் படம் பின்னர் தேசிய விருதில் சிறந்த படமாகத் தேர்வானது. அவரைத் திரைநடிகராக்கியதில் நம் தலைநகருக்கு இவ்வளவு பங்கு இருக்க, நாம் அதைப் பேசுவதே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பதில் – கோவை வாசகர்

அவர் ஞானபீடம் பெற்ற நாடகாசிரியர் என்பதால் நடிப்பைப் பின்னுக்குத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து. தமிழில் ‘நான் அடிமை இல்லை’ தொடங்கிப் பெரும்பாலும் செல்வந்தத் தந்தையாகவோ அதிகாரம் உடையவராகவோதான் அவரைப் பயன்படுத்தினார்கள். அவருடைய அளந்த பேச்சும் அமைதியான பார்வையும் முழுமையாக வெளிப்படுவது ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) படத்தில்தான். குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்துத் தயாரித்த அந்த இந்திப் படத்தில், கூட்டுறவுச் சங்கம் அமைக்கக் கிராமத்துக்கு வரும் கால்நடை மருத்துவர் ராவ் அவர். சாதியும் தனியார் பால் வியாபாரியும் குறுக்கே நிற்க, நல்ல நோக்கம் மட்டும் போதாது என்று அந்த மருத்துவர் உணர்வதை, குரலை உயர்த்தாமலே காட்டிவிடுகிறார். விடியற்காலையில் பால் சொசைட்டிக்குத் தூக்குப்போசியோடு போய் வளர்ந்த நம் மாணவர்களுக்கு அதன் ஒவ்வொரு காட்சியும் புரியும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றிங்க. ‘மந்தன்’ படத்தை முதலில் திரையிட்டுவிட்டு, கர்னாடின் ‘ஹயவதனா’ நாடகத்தின் ஒரு காட்சியை மாணவர்களைக் கொண்டே தமிழில் நடிக்கச் செய்யலாம் என்றிருக்கிறேன். தாளவாடி நண்பரே, அதே காட்சியைக் கன்னட மூலத்தில் வாசித்துக் காட்டத் தாங்கள் கோபிக்கு வர இயலுமா?