ஈடுசெய் பாலேற்றம்: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பழங்கட்டடங்களுக்கு அடியில் சுரங்கம் தோண்டுகையில், அவை இறங்கிவிடாதபடி மண்ணுக்குள் சிமெண்ட் கரைசலைச் செலுத்தும் ‘காம்பென்சேஷன் கிரவுட்டிங்’ முறைக்குத் தமிழில் ‘இழப்பீட்டுக் கூழ்மம்’ என்று நம்மிடையே முன்வைக்கப்பட்ட சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. எங்கள் தருமபுரிப் பக்கம் இழப்பீடு என்றால் நாற்கரச் சாலைக்கு நிலம் கொடுத்தவருக்குப் பின்னால் வந்து சேரும் பணம். இம்முறையிலோ, சுரங்கம் தோண்டத் தோண்ட மண் இழக்கும் கன அளவை, அவ்விழப்பு மேலே கட்டடத்தின் கடைக்காலை (அஸ்திவாரத்தை) எட்டுமுன்பே ஈடுசெய்துவிடுகிறார்கள். கூழ்மமும் வேதியியலில் வேறு பொருளுக்கு (‘கொலாய்டு’) நிலைத்துவிட்ட சொல்.

கட்டடம் மண்ணுக்குள் இறங்குவதைக் குறிக்கும் ‘செட்டில்மென்ட்’ என்பதற்கு ‘உள்வாங்கல்’ போதும். பக்கத்து மனையில் பள்ளம் தோண்டியபோது எங்கள் வீட்டுச் சுவரில் செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுப் போல ஏறிய விரிசலைத் தடவிப் பார்த்த மேஸ்திரி, “மொத்தமா எறங்கினா பரவாயில்லீங்க, ஒரு பக்கம் மட்டும் உள்வாங்குனா செவுரு தாங்காது” என்றார். பொறியியல் நூல்கள் அஞ்சுவதும் இந்த ஒருபக்க உள்வாங்கலைத்தான். சுரங்கத்தின் ஆழம் குறையக் குறைய, மேலே தரையில் விழும் தொய்வு குறுகிச் செங்குத்தாகிறது. எங்கள் கோட்டைக் கோயிலில், தரையைத் தொடாமல் நிற்கும் தொங்கும் தூணின் அடியிலுள்ள மெல்லிய இடைவெளியை நினைத்துக்கொண்டால், பழங்கட்டடத்துக்குச் சில மில்லிமீட்டர் இறங்குவதும் எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

லண்டனில் 1999இல் திறக்கப்பட்ட ஜூபிலி சுரங்க ரயில் பாதை நீட்டிப்புக்காக, பிக் பென் மணிக்கூண்டை ஒட்டி ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நிலையம் தோண்டியபோது, கூண்டின் அடியில் கிடையாகப் பதித்த குழாய்கள் வழியே, சாய்வை அளந்து அளந்து, வேண்டிய இடத்தில் மட்டும் சிமெண்ட் பாலை ஏற்றினார்கள்.

‘சிமெண்ட் பால்’ நம் கட்டட வேலையில் அன்றாடம் புழங்கும் சொல். சுண்ணாம்புப் பால், தேங்காய்ப் பால் என்று சொல்லிப் பழகிய நமக்கு அதில் குழப்பம் வராது. உடம்பில் குளுக்கோஸை ஏற்றுவது போல, இதை அழுத்தம் கொடுத்து மண்ணுக்குள் ஏற்றுகிறார்கள். ஆகவே ‘ஈடுசெய் பாலேற்றம்’ என்று முன்மொழிகிறேன். ‘தாங்கு கொடுத்தல்’ என்பதைக் கடைக்காலுக்குக் கீழே புதிதாகக் கட்டித் தாங்கும் ‘அண்டர்பின்னிங்’ முறைக்கே விட்டுவைப்போம்.

பால் செல்லும் குழாய்க்கு இன்னும் பெயர் வேண்டும். துளைகளின் மேல் ரப்பர் உறை மாட்டிய குழாய் அது. உள்ளிருந்து அழுத்தினால் உறை விலகிப் பாலை வெளியே விடும், அழுத்தம் நின்றதும் மூடிக்கொள்ளும். மிதிவண்டியின் வால்டியூப் வேலை செய்வதும் இப்படித்தான். ‘உறைவாய்க் குழாய்’ எனலாமா?