கிராம்புத் தைலம் வைத்த இடத்தில் ஈறு வெந்துவிட்டது, என்ன செய்வது?

கேள்வி:
கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. முந்தாநாள் ராத்திரி வலி தாங்காமல் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டேன். வலி அடங்கியது. ஆனால் காலையில் பார்த்தால் பஞ்சு பட்ட ஈறு வெளுத்துப் போய்த் தோல் உரிகிறது, நாக்கு பட்டாலே எரிகிறது. தைலத்தால்தானா? என் நான்கு வயது மகளும் பல்வலி என்கிறாள். அவளுக்கு ஒரு சொட்டு வைக்கலாமா?

பதில் 1:
தைலத்தால்தான். பல் மருத்துவரிடம் உதவியாளராக 11 வருடமாக இருக்கிறேன், இப்படி வெந்த ஈறுகளைப் பார்த்திருக்கிறேன். கிராம்புத் தைலத்தில் பெரும்பகுதி யூஜினால். மரத்துப்போக வைப்பதும் அதுதான், சுடுவதும் அதுதான். நாங்களும் அதைப் பயன்படுத்துகிறோம். துத்தநாக ஆக்சைடு பொடியில் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடிப் பலகையில் உருட்டும் பதத்துக்குக் குழைத்துத் தற்காலிகமாகக் குழியை அடைப்போம். பொடியோடு இறுகிவிடுவதால் யூஜினால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். நீங்கள் முழு வீரியத்தில் ராத்திரி முழுக்க வைத்திருக்கிறீர்கள்!

சரி, இப்போதைக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள், காரம் வேண்டாம். தைலத்தை மறுபடி தொடாதீர்கள். வலி அடங்கினாலும் சொத்தை உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பதில் 2:
மகளுக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம், தயவுசெய்து. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று 5 முதல் 10 மில்லி வரை குடித்து, வலிப்பு வந்து நினைவிழந்து, கல்லீரலும் பாதிக்கப்பட்டது மருத்துவப் பதிவிலேயே இருக்கிறது. ஒரு சின்னப் புட்டியில் இருப்பதே அவ்வளவுதான். இதைப் படித்த அன்றே எங்கள் வீட்டுப் புட்டியைப் பூட்டி வைத்துவிட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தைலத்தை விழுங்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நாளைக் காலை எனக்கும் மகளுக்கும் சேர்த்தே நேரம் வாங்கிவிட்டேன். தைலம் வைத்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

பதில் 1:
கட்டாயம் சொல்லுங்கள். பல் நிறத்தில் வைக்கும் பிசின் அடைப்பை யூஜினால் சரியாக இறுக விடாது. குழியில் தைலம் ஊறியிருப்பது தெரிந்தால் அதற்குத் தகுந்த மாதிரி செய்வார்.